அப்பாவுக்கு அத்தை வைத்த வார்த்தைகள்

நம் வயசுக்காரர்களைத்தான் கேட்கிறேன், இளசுகள் குறுக்கே பேச வேண்டாம். சின்ன வயதில் உங்களுக்கு யாராவது ஆங்கிலத்தில் பட்டப்பெயர் வைத்ததுண்டா? ஓட்டைப்பல்லு, ஊளமூக்கு என்று தமிழில் வைத்திருப்பார்கள். அதெல்லாம் எல்லோருக்கும் உள்ளதுதான். எனக்கு என் அத்தை ஆங்கிலத்தில் வைத்தாள். ‘இன்க்விசிடிவ்.’ எல்லாவற்றையும் துருவித் துருவிப் பார்க்கிறவள் என்று பொருளாம். பொருள் தெரியாமலே ஒரு வாரம் அதைச் சொல்லிக்கொண்டு எங்கள் ஊர் கோச்சடைத் தெருவெல்லாம் பெருமையாகத் திரிந்தேன். தெரிந்த பிறகும் பெருமை குறையவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அது உலகச் சண்டைக் காலம். சண்டை எங்கேயோ நடந்தது. எங்களுக்கு வந்து சேர்ந்ததெல்லாம் மண்ணெண்ணெய்த் தட்டுப்பாடுதான். அத்தை என்றால் அப்பாவின் கடைசித் தங்கை. பெற்றவர்கள் போன பிறகு அவளை வளர்த்தது அப்பா. பார்க்க எனக்கு அக்கா மாதிரி இருப்பாள். எங்கள் பக்கத்தில் விவசாயக் குடும்பத்துப் பெண்ணொருத்தி டவுன் பள்ளிக்கூடத்தில் கடைசி வகுப்பு வரை போனது அவள்தான் முதல். அதோடு நிறுத்தாமல் மதராசில் போய்க் காலேஜ் படிக்க வேண்டும் என்றாள்.

மதராசில் ஒரு பெண்கள் காலேஜ். தெற்கு ஜில்லாக்களிலிருந்து கொஞ்சம் பேரை எடுப்பார்களாம், ஹாஸ்டலில் வைத்துப் படிக்க வைப்பார்களாம். அதற்குப் பசுமலையில் ஒரு பங்களாவில் வைத்துப் பரீட்சை. எழுதி முடித்ததும் காலேஜை நடத்துகிற வெள்ளைக்காரத் துரைசானியே நேரில் கூப்பிட்டு இங்கிலீஷில் கேள்வி கேட்பார். அத்தையின் பள்ளிக்கூட டீச்சர் முன்கூட்டியே எச்சரித்துவிட்டார். “மனுஷங்களைப் பத்தித்தான் அந்தம்மா கேப்பாங்க. உங்க வீடு எப்படி, வீட்டுல யாரு எப்படின்னு. குட், பேட், நைஸ்னு சொன்னியோ, மூணாங்கிளாஸ் பிள்ளைன்னு நெனச்சு அனுப்பிச்சிருவாங்க. கனமான வார்த்தையா படிச்சிட்டுப் போ.”

சொன்னதோடு ஒரு பழைய டிக்‌ஷனரியையும் கொடுத்தார். கெட்டி அட்டை, முன்பக்கம் கொஞ்சம் கரையான் தின்றிருந்தது. திறந்தால் ஈரச் சாக்கு வாடை வரும். எங்கே போயிற்று அந்தப் புத்தகம் என்று இப்போது எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியவில்லை.

அந்த இடம் கிடைக்காவிட்டால் என்ன ஆகும் என்பதும் எல்லோருக்கும் தெரிந்ததே. திருமங்கலத்தில் அப்பாவின் தாய்மாமா இருந்தார், பஞ்சு வியாபாரம். தன் மகனுக்கு அத்தையைக் கேட்டுக்கொண்டே இருந்தார். முறைப்பெண், கேட்க அவருக்கு உரிமை உண்டு. அப்பா இரண்டு தடவை தட்டிக் கழித்துவிட்டார். மூன்றாவது தடவை மாமா வந்து கூடத்தில் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்றார்.

“ஏம்ப்பா, பொட்டப் பிள்ளைக்கு இன்னும் எம்புட்டுப் படிப்பு? என் மகனுக்கு வயசு ஏறிக்கிட்டு போகுதில்ல?”

“பசுமலைப் பரீச்சை ஒண்ணு இருக்கு மாமா. அதுல சீட்டு கெடச்சா அவ படிக்கட்டும். கெடைக்கலைன்னா தை மாசம் நீங்க பந்தலப் போடுங்க, நான் வந்து நிக்கிறேன்.”

சொல்லிவிட்டு அப்பா உள்ளே திரும்பி, அத்தை கதவுக்குப் பின்னால் நிற்பது தெரிந்தே, “கேட்டுக்கிட்டியா? கெடைக்கலைன்னா வாய மூடிக்கிட்டுத் தாலியக் கட்டிக்க” என்று கத்தினார். அப்பாவுக்கு மெதுவாகப் பேசத் தெரியாது. மாட்டை ஓட்டுகிற குரலில்தான் சோறு கேட்பார்.

அத்தை படிக்கத் தொடங்கினாள். காகிதம் கிடைக்காத காலம். கூடத்து மூலையில் எங்கள் நெல் குதிர் இருந்தது. மண்ணால் செய்தது, ஆள் உயரம், வெளியே சாணி மெழுகியிருக்கும். அதன் மேல்தான் சாக்கட்டியால் எழுதுவாள். நெல்லும் சாணியும் கலந்த வாசனையில் இங்கிலீஷ் படித்தவர்கள் நாங்கள் இருவர் மட்டுமாகத்தான் இருக்கும். ஒரு வார்த்தையை எழுதுவாள், டிக்‌ஷனரியைப் பார்ப்பாள், பிறகு என்னைப் பார்ப்பாள். “இது யாரு, சொல்லு பாப்போம்?” என்பாள். ஒரு வார்த்தைக்கு ஓர் ஆள். ஆளோடு கட்டிப்போட்டால்தான் வார்த்தை ஓடாமல் நிற்கும் என்பது அவள் கண்டுபிடிப்பு.

‘கேருலஸ்’ என்றால் ஓயாமல் பேசுகிறவர். அது தயிர்க்காரம்மா. ‘இண்டலண்ட்’ என்றால் சோம்பேறி. அது எங்கள் சித்தப்பா, அதில் இரண்டு பேருக்கும் சந்தேகமே வரவில்லை. ‘இராஸிபிள்’ என்றால் தொட்டதற்கெல்லாம் கோபப்படுகிறவர். அது அம்மா. அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, “அங்க என்னடி இளிப்பு?” என்பாள். “ஒண்ணுமில்ல மதினி, இராஸிபிள்” என்பாள் அத்தை. “நல்லாப் படிங்க” என்று அம்மா போய்விடுவாள்.

அப்பாவுக்கு மட்டும் ஒன்று போதவில்லை. ‘அப்ஸ்டினேட்’, பிடிவாதக்காரர். ‘ஸ்டெர்ன்’, கடுகடுப்பானவர். ‘பார்சிமோனியஸ்’, கஞ்சன். இந்தக் கடைசி வார்த்தை அத்தை வாயில் வெல்லம் மாதிரி கரையும். பொழுது சாய்ந்ததும் அப்பா வீடு முழுக்கச் சுற்றிவந்து ஒவ்வொரு விளக்காக ஊதி அணைப்பார். அடுப்படியில் அம்மாவைத் தணல் வெளிச்சத்தில் சோறு போடச் சொல்வார். மாட்டுக் கொட்டத்துக்குத் தடவிக்கொண்டுதான் போக வேண்டும். “பார்சிமோனியஸ் வாராரு” என்று நான் கிசுகிசுப்பேன், அத்தை முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரிப்பாள். அத்தையின் புத்தகத்துக்குப் பக்கத்தில் எரிந்த அரிக்கேன் விளக்கு மட்டும் அந்தக் கோடை முழுவதும் ஒரு நாள்கூட அணைக்கப்படவில்லை என்பது எங்கள் இரண்டு பேர் புத்திக்கும் எட்டவில்லை. மற்ற விளக்குகளின் எண்ணெயெல்லாம் அதற்குத்தான் போயிருக்கிறது. இது எனக்கு உறைத்தபோது எனக்கே பேத்தி பிறந்திருந்தாள்.

இதுவரை சொன்னதெல்லாம் குறை சொல்லும் வார்த்தைகளாகவே இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். அதற்குக் காரணம் உண்டு. எங்கள் வீட்டில் உயிரோடு இருக்கிற யாரையும் யாரும் நல்லபடியாக ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்கள். சொன்னால் கண் பட்டுவிடும். கொழுகொழுவென்று பிள்ளை இருந்தால், “என்ன இது, வத்தலா கெடக்கு” என்றுதான் தூக்க வேண்டும். நெல் அமோகமாக விளைந்தால், “என்னத்த வெளஞ்சுச்சு, ஏதோ கஞ்சிக்கு ஆகும்” என்பார் அப்பா. அத்தை பள்ளிக்கூடத்திலேயே முதலாவதாக வந்த அன்று, “ஏதோ தேறிட்டா” என்று சொல்லிவிட்டுக் கொல்லைப் பக்கம் போய் வெகுநேரம் நின்றார். அந்நியர் கண்ணைவிட நம்மவர் கண்தான் கொடுமை என்பது அம்மாவின் கட்சி.

டிக்‌ஷனரி என்ன கண்டது? அதில் நல்ல வார்த்தைகளும் வந்துகொண்டே இருந்தன. அவற்றை யார் மேல் வைப்பது? அத்தை யோசித்து ஒரு வழி கண்டாள். கண் படாத இடமாகப் பார்த்து வைத்தாள். ‘மேக்னானிமஸ்’, பெரிய மனது படைத்தவர் என்பதை மேற்கே தெரிந்த நாகமலைக்கு வைத்தாள். மலைக்கு யார் கண் பட்டு என்ன ஆகப் போகிறது? ‘பெனவலண்ட்’, அதாவது கருணை உள்ளவர் என்பது வைகைக்கு. அந்த வருஷம் ஆற்றில் மணலைத் தவிர ஒன்றும் இல்லை, இருந்தாலும் வைத்தாள். ‘அஃபெக்‌ஷனேட்’, பாசம் உள்ளவர் என்பது செத்துப்போன செவலைக் காளைக்கு. செத்த மாட்டுக்குக் கண் படாது. அந்தக் காளை அத்தையைக் கண்டால் கழுத்தை நீட்டிக் கையை நக்கும். நல்ல குணமெல்லாம் மலைக்கும் ஆற்றுக்கும் மாட்டுக்கும் போயிற்று, கெட்டதெல்லாம் குடும்பத்துக்கு வந்தது.

பரீட்சை நாள் வந்தது. துணைக்கு ஒரு பொம்பளைப் பிள்ளை இருக்க வேண்டும் என்று அம்மா என்னையும் வண்டியில் ஏற்றிவிட்டாள். புளிச்சோறு கட்டிக்கொண்டு விடியற்காலையில் புறப்பட்டோம். வழி முழுக்க அத்தை வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். “சத்தமில்லாமப் படி, மாடு மிரளுது” என்றார் அப்பா. பசுமலையில் மரத்தடியில் வண்டியை அவிழ்த்துப்போட்டுவிட்டு மாடுகளைப் பிடித்துக்கொண்டு அவர் வெளியிலேயே நின்றார்.

பங்களாவுக்குள் தரை வழுவழுவென்று இருந்தது. எண்ணெய் போட்டுத் துடைத்த மர வாசனையும், எங்கோ எலுமிச்சம்பழம் பிழிந்த வாசனையும் வந்தன. பெண்கள் வரிசையாக உட்கார்ந்து எழுதினார்கள். பிறகு ஒவ்வொருவராக உள்ளே கூப்பிட்டார்கள். அத்தை என் கையை விடவில்லை. துரைசானி என்னைப் பார்த்துச் சிரித்து ஒரு முக்காலியைக் காட்டினார். வயதானவர், முகம் முழுக்கச் செம்புள்ளி, காலில் கயிறு கட்டிய பூட்ஸ். பக்கத்தில் ஒரு தமிழ் டீச்சரம்மா உட்கார்ந்திருந்தார்.

அவர்கள் பேசிய இங்கிலீஷில் எனக்கு ஒரு மண்ணும் புரியவில்லை. ஆனால் குதிரில் எழுதிய வார்த்தைகள் வரும்போது மட்டும் காது நிமிர்ந்துகொள்ளும். துரைசானி ஏதோ கேட்டார். அத்தை, “மை பிரதர்” என்று ஆரம்பித்தாள். பின்னாலேயே வந்தன: அப்ஸ்டினேட், ஸ்டெர்ன், பார்சிமோனியஸ். மூன்றையும் தடுமாறாமல் சொல்லிவிட்டாள் என்று எனக்கு ஒரே சந்தோஷம். துரைசானியின் பேனா நின்றது. மதினியைப் பற்றிக் கேட்டார் போல, இராஸிபிள் வந்தது. சித்தப்பாவும் வந்துபோனார்.

துரைசானி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். குரலைத் தாழ்த்தி ஏதோ கேட்டார். அத்தைக்குப் புரியவில்லை என்று நினைத்துத் தமிழ் டீச்சரம்மா திருப்பிச் சொன்னார்.

“உங்க வீட்டில உங்கிட்ட அன்பா இருக்கிறவங்க யாருமே இல்லையாம்மான்னு கேக்குறாங்க.”

அத்தை ஜன்னலைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். வெளியே வெயிலில் அப்பா மாட்டின் கொம்புகளுக்கு நடுவே சொறிந்துவிட்டுக்கொண்டு நின்றார். துண்டு தலையில் இருந்தது, காலில் செருப்பு இல்லை. பிறகு அத்தை மெதுவாக, நாகமலை மேக்னானிமஸ் என்றாள். எங்கள் செவலைக் காளை அஃபெக்‌ஷனேட், அது செத்துப்போயிற்று என்றாள்.

ஏன் அப்படிச் சொன்னாள் என்று வெகுகாலம் கழித்து நான் கேட்டிருக்கிறேன். இன்க்விசிடிவ் அல்லவா, கேட்காமல் இருப்பேனா? “அண்ணன் வெளியில நிக்கிது. நான் உள்ள உக்காந்துக்கிட்டு அதைப் புகழ்ந்துட்டு, போற வழியில வண்டி கவுந்துச்சுன்னா நான் என்னடி பண்ணுவேன்?” என்றாள். அப்போது அவள் ஒரு பள்ளிக்கூடத்துக்கே தலைமை ஆசிரியையாக இருந்தாள். சொல்லும்போது சிரிக்கவில்லை.

அப்பாவை உள்ளே கூப்பிட்டார்கள். துண்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு, வழுவழுத் தரையில் கால் வைக்கக் கூசிக்கொண்டு வந்தார். துரைசானி எழுந்து நின்றார். முகம் சிவந்திருந்தது. அவர் பேசப் பேச, தமிழ் டீச்சரம்மா தரையைப் பார்த்துக்கொண்டு தமிழில் சொன்னார்.

“இந்தப் பொண்ணைவிட நல்லா எழுதின பிள்ளைங்க இருக்காங்க. ஆனா, இந்த மாதிரி வீட்டிலிருந்து இவளை மொதல்ல வெளிய கொண்டுவரணும், அதனால எடம் குடுக்குறேன்னு சொல்றாங்க. ஒரு மாட்டுக்கு இருக்கிற அன்புகூட இவ கூடப்பிறந்தவங்களுக்கு இல்லையான்னு கேக்குறாங்க.”

அப்பா அத்தையைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையை எனக்கு எழுதத் தெரியவில்லை. கோபம் இல்லை. வழியில் யாரோ கூப்பிட்டது போலத் திரும்பிப் பார்க்கிறோமே, அந்த மாதிரி இருந்தது. அத்தை துள்ளி எழுந்தாள். “அண்ணே, நான் அப்படி…”

“நீ சும்மா இரு தாயி.”

அவர் அவளைத் தாயி என்று கூப்பிட்டு நான் கேட்டது அதுதான் முதல் தடவை. பிறகு துரைசானியைப் பார்த்துக் கையைக் கூப்பினார்.

“பிள்ளை சொன்னது நெசந்தாங்கம்மா. நான் அப்படியாப்பட்ட ஆளுதான். எடத்தக் குடுங்க.”

டீச்சரம்மா ஒரு நிமிடம் அப்பாவையே பார்த்தார். அவருக்கு ஏதோ பிடிபட்டிருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது. ஆனாலும் சொன்னதைச் சொன்னபடி இங்கிலீஷில் சொல்லிவிட்டார். துரைசானி நிபந்தனை போட்டார். படிப்பு முடிகிற வரை கல்யாணப் பேச்சு எடுக்கக் கூடாது. அப்பா தலையாட்டினார். கேட்காமல் யாரும் ஹாஸ்டலுக்கு வந்து அவளைப் பார்க்கக் கூடாது. அதற்கும் தலையாட்டினார். லீவுக்கு வீட்டுக்கு அனுப்புவதா வேண்டாமா என்பதைக் காலேஜ்தான் முடிவு செய்யும். அதற்குக் கொஞ்சம் தாமதமாகத் தலையாட்டினார்.

“ஒண்ணே ஒண்ணும்மா. ஊரு ஆளு யாராச்சும் அந்தப் பக்கம் போனா, அரிசி முறுக்கு குடுத்து விடலாமா? அவ வேற பலகாரம் திங்க மாட்டா.”

கொடுத்துவிடலாம் என்றார் துரைசானி. கஞ்சன் இதையாவது கேட்டானே என்று நினைத்திருப்பார்.

எத்தனையோ வருஷம் எனக்கு அந்தத் துரைசானி மேல் பொல்லாத கோபம் இருந்தது. இப்போது இல்லை. கண்ணுக்கு முன்னால் ஒரு பெண் கஷ்டப்படுகிறாள் என்று அவர் நம்பினார், நம்பியதற்கு ஏற்றபடி செய்தார். நம்மில் எத்தனை பேர் அந்த அளவுக்குச் செய்திருப்போம்? எங்கள் வீட்டுப் பேச்சு எப்படிப்பட்டது என்று அவருக்கு எந்த டிக்‌ஷனரி சொல்லிக்கொடுக்கும்?

திரும்பும் வழியில் அத்தை அழுதுகொண்டே வந்தாள். புளிச்சோற்றை யாரும் தொடவில்லை. நான் மட்டும் தின்றேன், பசி.

“அண்ணே, வண்டியத் திருப்புங்க. நான் போயி உண்மையச் சொல்லிட்டு வாரேன்.”

“சொன்னா?”

“நீங்க அப்படி இல்லன்னு அவுகளுக்குத் தெரியட்டும்.”

“தெரிஞ்சா சீட்டு போயிரும். திருமங்கலத்துல பந்தக்காலு ஊனிருவாக. அதுக்கா இம்புட்டு நாளு குதிரப் பூராவும் கிறுக்கி வச்ச?” அப்பா மாட்டின் வாலைத் தொட்டு விரட்டினார். “அந்தம்மா என்னையக் கெட்டவன்னு நெனச்சா எனக்கு என்ன கொறஞ்சுபோச்சு? நமக்கென்ன பொண்ணா குடுக்கப் போகுது?”

நான் சிரித்துவிட்டேன். அத்தைக்கு அழுகை அதிகமானது. கொஞ்ச தூரம் போன பிறகு, அப்பா ரோட்டைப் பார்த்தபடியே, “அம்புட்டையும் பாக்காமச் சொன்னியா?” என்று கேட்டார்.

“ம்.”

“தடங்கலில்லாம?”

“ம்.”

“ஏதோ பரவாயில்ல” என்றார். ஊர் எல்லையில் வண்டியை நிறுத்தி என் பக்கம் திரும்பினார். “சின்னவளே, அங்க நடந்தது வீட்டுல வெளிய வந்துச்சு, தோல உரிச்சிருவேன்.” எனக்கு அந்த அதட்டல் தேவையாக இருக்கவில்லை. எப்படியும் சொல்லியிருக்க மாட்டேன்.

வாசலிலேயே அம்மா நின்றாள். சித்தப்பாகூடத் தூங்காமல் எழுந்து வந்திருந்தார்.

“சீட்டு கெடச்சிருச்சு” என்றார் அப்பா.

அம்மா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு, “தொரசாணி உங்கள உள்ள கூப்பிட்டாகளா? என்ன சொன்னாக?” என்று கேட்டாள்.

அப்பா மாட்டை அவிழ்த்துக்கொண்டிருந்தார். நுகத்தடிக் கயிறு சிக்கிக்கொண்டது, அதைப் பிரிப்பதற்குக் கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டார். “தங்கச்சிய நல்லா வளத்திருக்கேன்னு சொன்னாக” என்றார்.

அம்மாவுக்கு முகம் மாறிவிட்டது. “நேருக்கு நேராவா சொன்னாக? ஐயையோ, வெளியாளு கண்ணு” என்று உள்ளே ஓடினாள். கை நிறைய உப்பும் வரமிளகாயுமாக வந்து, அப்பாவைக் கிழக்கே பார்த்து உட்கார வைத்தாள். அப்பா சட்டையைக் கழற்றிவிட்டுச் சின்னப் பிள்ளை மாதிரி உட்கார்ந்துகொண்டார். தலையைச் சுற்றி, உடம்பைச் சுற்றி, அவரைத் துப்பச் சொல்லி, கொண்டுபோய் அடுப்பில் போட்டாள்.

கண் பட்டிருந்தால் மிளகாய் நெடியே வராது என்பார்கள், உங்களுக்குத் தெரியும். அன்றைக்கு நெடி பிய்த்துக்கொண்டு கிளம்பியது. சித்தப்பா இருமிக்கொண்டே தெருவுக்கு ஓடினார். எனக்கு மூச்சு முட்டியது. அத்தை அப்பாவின் முதுகுக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்து, இருமலோடு இருமலாக விம்மிக்கொண்டிருந்தாள்.

அம்மா மட்டும் கரண்டியும் கையுமாக அடுப்படி வாசலில் குழம்பிப்போய் நின்றாள். “அம்புட்டுப் பாராட்டுனாகன்னு சொன்னீக, கொஞ்சங்கூடக் கண்ணு படலியே!”

அப்பா பின்னால் கையை நீட்டி, அத்தையின் தலையைத் தேடித் தொட்டார்.

“நல்ல மனசோட சொல்லியிருப்பாக. நல்ல மனசோட சொன்னா படாது போல” என்றார்.